திம்பிலாவை டியூனரிடம் கொடுக்காதீர்கள்

நாதஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்துச் செவிக்கு மொசாம்பிக்கின் திம்பிலா முதலில் சுருதி பிசகியது போலத்தான் படும். பிசகவில்லை. சோப்பி மக்கள் மரச்சட்டங்களைத் தட்டி வாசிக்கும் இந்த வாத்தியத்தில் ஸ்தாயி ஏறக்குறைய ஏழு சம படிகளாகப் பிரிகிறது. சுருதியை அளக்கும் சென்ட் கணக்கில் ஒரு ஸ்தாயி 1200. அதை ஏழால் வகுத்தால் படிக்குச் சுமார் 171. எங்கள் பஞ்சமம் 702இல் நிற்க, அவர்களுடையது 686ஐ ஒட்டி வரும். காந்தாரத்தின் இடம் சுமார் 343: சாதாரணத்துக்கும் (316) அந்தரத்துக்கும் (386) இடையில். சுருதி காட்டும் டியூனர் செயலியை வைத்துத் திருத்தினால் வாத்தியம் மிஞ்சும், அந்த இசை போய்விடும்.

2015இல் காலமான திம்பிலாக் கலைஞர் வெனான்சியோ ம்பாண்டேயை நான் மதிப்பது இதற்காகத்தான். வாசிப்பு, இயற்றல், வாத்தியம் செய்தல், சுருதி சேர்த்தல் எல்லாம் அவர் ஒருவரிடமே இருந்தன. தென்னாபிரிக்கச் சுரங்கங்களில் வேலை செய்தவர், பிறகு ஊர் திரும்பி இளையவர்களைப் பழக்கினார். யுனெஸ்கோ 2005இல் திம்பிலாவை மனிதகுலத்தின் பாரம்பரியக் கலையாக அறிவித்தபோதும் கவலை இதுவே: தேர்ந்த கலைஞர்களுக்கு வயதாகிவிட்டது, சட்டம் செய்யும் ம்வென்ஜே மரமும் அருகி வருகிறது. மெல்ல வளரும் மரம் அது. வெட்டிய வேகத்தில் திரும்பி வராது.

வேலையின் நுட்பம் சட்டத்தின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. நடுவில் சீவினால் சுருதி இறங்கும், நுனிகளில் சீவினால் ஏறும். நடுவில் கூடிப்போனால் நுனியில் எடுத்து மீட்கலாம். ஆனால் திரும்பத் திரும்பச் செய்தால் சட்டம் மெலிந்து நாதம் வற்றிவிடும். அரம் தேய்த்த சூட்டோடு அளக்கவும் கூடாது, ஆறவிட வேண்டும். சீரான கனமுள்ள சட்டத்தைத் தாங்க வேண்டிய இடம் நுனியிலிருந்து நீளத்தின் 22.4 வீதம். 40 சென்ரிமீற்றர் சட்டமென்றால் சுமார் 9. அது தவறினால் தட்டியவுடன் ஒலி செத்துவிடும். அடியைச் சீவிய சட்டத்தில் இந்த இடம் சற்று நகரும், தட்டித் தட்டித்தான் பிடிக்க வேண்டும்.

ஒலியைப் பெருக்கச் சட்டத்தின் கீழே தொங்கும் குடுவையும் அதே சுருதிக்கு வரவேண்டும். வாயைப் பெருக்கினால் ஏறும், ஆகவே சிறிதாக வெட்டித் தொடங்குவதே நல்லது. குடுவையின் துளையில் தேன்மெழுகு வளையம் வைத்து, மிருகங்களின் மெல்லிய வயிற்றுச் சவ்வை ஒட்டுகிறார்கள். அந்தச் சவ்வு அதிர்ந்து எழுப்பும் இரைச்சல்தான் திம்பிலாவின் குரல். அதைக் குறையென்று எண்ணி நீக்கும் ஒலிப்பதிவுகள் மெத்தப் பிழையானவை. சவ்வு தளர்ந்தாலோ ஈரம் பிடித்தாலோ இரைச்சல் அடங்கிவிடும். எங்கள் மாரி காலத்தில் இது கட்டாயம் நடக்கும்.

இங்கே செய்து பார்ப்பவர்களுக்கு முற்றிக் காய்ந்த சுரைக்குடுவை போதும். சவ்வுக்குப் பதிலாகச் சிகரெட் சுற்றும் தாளும் இரையும். சுருதிக்கு மட்டும் பழைய திம்பிலா ஒன்றின் ஒலிப்பதிவை எடுத்து, சட்டம் சட்டமாக அளந்து அதன்படி சேருங்கள்.