ஐஸ் பெட்டி பாதியில் போன கதை

ஒரு குறும்படத்துக்காகச் சாவு வீட்டுக் காட்சி ஒன்றை எடுத்து முடித்தோம். ஆர்ட் வேலை என் பொறுப்பு. கதை, நடிகர்கள், சாப்பாடு எல்லாம் தன்னால் நடந்தன. வீடும் வெளிச்சமும், பிணத்தை வைக்கும் ஐஸ் பெட்டி மாதிரி வாடகைச் சாமான்களும்தான் உயிரை எடுத்தன. இதே மாதிரி காட்சி வைத்திருப்பவர்கள் படித்துவிட்டு இறங்குங்கள்.

கும்பகோணம் பக்கம் முற்றம் வைத்த ஓட்டு வீடு ஒன்றைப் பார்த்துப் பேசினோம். வீட்டுக்கார அம்மா வாடகையில் பேரமே பேசவில்லை. கிளம்பும்போது, என்ன சீன் என்று கேட்டார். சொன்னோம். முகம் மாறிவிட்டது. "கல்யாண சீன், சண்ட சீன் எது வேணாலும் எடுங்க தம்பி. எழவு சீன் இந்த வீட்ல வேணாம்." அப்புறம் ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்துப் பேசித்தான் இறங்கி வந்தார். நிபந்தனைகள்: சாமி அறை பூட்டியே இருக்கும், முடிந்ததும் பூசணிக்காய் சுற்றி உடைத்து வீட்டைக் கழுவிவிட வேண்டும், முக்கியமாக எதையும் முறைப்படி செய்யக் கூடாது. தலையைத் தெற்கே வைக்க விடவே இல்லை. சரி, தெற்கு எது என்று கேமராவுக்கா தெரியப்போகிறது? கிழக்கே வைத்தோம். தலைமாட்டு விளக்குக்கு மட்டும் கெஞ்சி அனுமதி வாங்கினேன்.

அடுத்து, அப்பாவாக நடித்த பெரியவர். பிணமாகப் படுக்கத் தயார், ஆனால் தன் போட்டோவுக்கு மாலை போடக் கூடாது என்றார். இயக்குநருக்குக் கோபம், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மாலை போட்ட படம், சீரியல் பல்பு, ஊதுபத்திப் புகை என்று மூன்றையும் வைத்துவிட்டால் சுவரே அழுதுவிடும். அப்புறம் மகளாக நடிக்கும் பெண் எதற்கு? போட்டோவை அகற்றிவிட்டு அவர் மூக்குக் கண்ணாடியை ஜன்னல் விளிம்பில் வைத்தேன். அதற்கு குளோஸப் வேண்டாம் என்று சண்டை போட்டுத் தடுத்தேன். ஓரத்தில் இருந்தால் போதும், பார்ப்பவர் பார்த்துக்கொள்வார்.

வெளிச்சத்தில்தான் பெரிய தகராறு. துக்கம் என்றால் அறை இருட்டாக, நீலமாக இருக்க வேண்டும் என்று இயக்குநர் நினைத்திருந்தார். நம் ஊர்ச் சாவு வீட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே எந்தக் கதவும் சாத்தியிருக்காது, எல்லா டியூப்லைட்டும் விடிய விடிய எரியும். ஒதுங்கி அழ இடமே கிடைக்காத வெள்ளை வெளிச்சம் அது. கூட்டம் இருக்கும்வரை அப்படியே கொளுத்துவோம், எல்லாரும் போன பிறகு மகள் ஒவ்வொன்றாக அணைக்கட்டும் என்று நானும் கேமராமேனும் பேசிப் பேசி ஒப்புக்கொள்ள வைத்தோம்.

அதிலும் ஒரு தொல்லை வந்தது. பழைய சோக் வைத்த டியூப்லைட்டுகள் டெஸ்ட் ஷாட்டில் பட்டை பட்டையாக ஓடின. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதன் தாளத்தில்தான் டியூப்லைட் துடிக்கும். நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்தால் ஷட்டரை 1/50 நொடியில் வையுங்கள். கோணத்தில் சொன்னால் 172.8 டிகிரி. வழக்கமான 180-இல் விட்டால் அது 1/48 ஆகிவிடும், அந்தச் சின்ன வித்தியாசமே துடிப்பாகத் தெரியும். மானிட்டரில் தெரியாமல் எடிட்டிங்கில் முளைத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

பகல் ஷாட்டுக்கு முற்றத்து வெயில் கட்டம் கட்டமாக நகர்ந்து, ஷாட்டுக்கு ஷாட் ஒத்துப்போக வேண்டிய கன்டின்யூட்டியைக் கெடுத்தது. மேலே வெள்ளைத் துணி இழுத்துக் கட்டி, கீழிருந்து லைட்டை அதில் அடித்து, நிழலே விழாத வெளிச்சமாக இறக்கினோம். புதிது ஒன்றும் இல்லை. 1956-இல் வந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வில், ஸ்டுடியோவுக்குள் போட்ட காசி வீட்டு முற்றத்துக்கு கேமராமேன் சுப்ரதா மித்ரா செய்த வித்தைதான். அந்த வெளிச்சத்தில் முகம் தட்டையாகிவிடும் என்று பயந்தேன். அழுது ஓய்ந்த முகத்துக்கு அதுதான் சரியாக இருந்தது.

இப்போது ஐஸ் பெட்டி. கண்ணாடி மூடியில் லைட், கேமரா, மைக் பிடித்தவர் எல்லாரும் தெரிந்தார்கள். பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் போட்டுக் கோணத்தை மாற்றி ஒருவழியாகச் சமாளித்தோம். கம்ப்ரசர் சத்தம் லைவ் சவுண்டில் ஏறியது. ஆனால் ஆஃப் செய்தால் உள்ளே படுத்தவரின் மூச்சில் மூடி ஆவி பிடிக்கிறது. மூடியைச் சின்னக் கட்டை கொடுத்துத் தூக்கி வையுங்கள், ஆளுக்குக் காற்றும் வேண்டுமே. ஷாட் முடிந்து பெரியவர் எழுந்ததும், பிணமாக நடித்தவருக்குச் செய்யும் சினிமா வழக்கப்படி, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வைத்து ஒரு ஷாட் எடுத்தோம். அதை மட்டும் யாரும் மறக்கவில்லை.

மதியம் பெட்டியை வாடகைக்குக் கொடுத்தவர் டெம்போவோடு வந்து நின்றார். நிஜமான சாவு ஒன்றுக்கு போன் வந்துவிட்டதாம், பெட்டியைக் கொடுங்கள் என்றார். இரவுவரை பேசியிருந்தோம், முன்பணமும் கொடுத்தாயிற்று. ஆனால் அங்கே ஒரு குடும்பம் காத்திருக்கும்போது என்ன வாதாடுவது? ஏற்றிக்கொண்டு போய்விட்டார். முக்கியமான ஷாட் பாக்கி.

பெட்டி இருந்த இடத்தில் தரையில் நீள்சதுரமாக ஈரம், சுற்றி ஒட்டிக்கொண்ட ரோஜா இதழ்கள், பிளக்கில் சொருகியபடியே கிடந்த எக்ஸ்டென்ஷன் ஒயர். கேமராமேன், யாரும் துடைக்காதீங்க என்று கத்தினார். பிணத்தை எடுத்துக்கொண்டு போனதற்குப் பிறகு நடப்பதாகக் காட்சியை மாற்றினோம். மகள் அந்த ஈரத்தை மிதிக்காமல் சுற்றிப் போய் ஒயரைச் சுருட்டுகிறாள். வாசலில் பந்தல்காரப் பையன் பிளாஸ்டிக் சேர்களை எண்ணி அடுக்குகிறான், ஒன்று குறைகிறது என்கிறான். அவள் அப்பாவின் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "காசு எழுதிக்கோ" என்கிறாள். சேர் எங்கே கிடக்கிறது என்று நாங்கள் காட்டவே இல்லை. அழுகை வசனம் முழுவதும் வெட்டுப்பட்டது.

முன்பணம் மட்டும் இன்னும் வரவில்லை. போன் செய்தால், பாதி நாள் ஓடியதே என்கிறார் பெட்டிக்காரர். பெட்டி வாடகைக்கு எடுப்பவர்கள் எத்தனை மணிவரை என்று தாளில் எழுதி வாங்குங்கள். முடிந்தால் மரக்கட்டில் மேல் அக்ரிலிக் மூடி வைத்து நீங்களே ஒன்று செய்துவிடுங்கள்; கம்ப்ரசர் சத்தத்தைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.