இடம் மாறி இடம் மாறி வளர்ந்த லீக்: மேற்கு கனடாவின் ஜூனியர் ஹாக்கி

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கென்னவிக் என்ற ஊரில் ட்ரை-சிட்டி அமெரிக்கன்ஸ் என்ற ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணி ஆடுகிறது. அதன் பூர்வீகம் 1966-ன் கால்கரி. அங்கே முதல் வருடம் பஃபலோஸ், பிறகு சென்டென்னியல்ஸ். 1977-ல் மொன்டானா மாநிலத்துக்குப் போய் பில்லிங்ஸ் பிக்ஹார்ன்ஸ் ஆனது. 1982-ல் வான்கூவர் தீவுக்கு வந்து நனைமோ ஐலண்டர்ஸ். ஒரே சீசனில் அங்கிருந்தும் கிளம்பி நியூ வெஸ்ட்மின்ஸ்டர் ப்ரூயின்ஸ். 1988-ல்தான் கென்னவிக். இந்த அணி ஆடும் வெஸ்டர்ன் ஹாக்கி லீக்கில் இப்படி ஜாதகம் உள்ள அணிகள் பல. இந்த லீக்கைப் புரிந்துகொள்ள, அங்கிருந்து என்.எச்.எல். (வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை ஹாக்கி லீக்) போன நட்சத்திரங்களின் பட்டியலைவிட இந்த இடமாற்றங்களின் பட்டியல்தான் அதிகம் உதவும் என்பது என் கருத்து. எந்த ஊரில் அணி நிலைத்தது, எங்கே நிலைக்கவில்லை, ஏன் என்பதுதான் இதன் வரலாறு.

தொடக்கமே ஒரு தகராறு. 1960-களின் நடுப்பகுதி வரை கனடாவின் நல்ல ஜூனியர் அணிகளுக்குப் பின்னால் என்.எச்.எல். கிளப்புகள் இருந்தன. பையன் 'சி' படிவத்தில் கையெழுத்துப் போட்டால் அவனுடைய தொழில்முறை உரிமை அந்தக் கிளப்புக்குப் போய்விடும். 1963-ல் டிராஃப்ட் (கிளப்புகள் வரிசைப்படி இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) வந்து, பிறகு இந்த ஸ்பான்சர் முறையும் முடிவுக்கு வந்தபோது, மேற்கில் இருந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. மாகாணத்துக்கு ஒரு சின்ன லீக் என்று சிதறிக் கிடந்தால் ஒன்டாரியோ அணிகளோடு போட்டி போட முடியாது. எட்மன்டன் ஆயில் கிங்ஸின் பில் ஹன்டர், எஸ்டெவன் ப்ரூயின்ஸின் ஸ்காட்டி மன்ரோ போன்றவர்கள் சேர்ந்து 1966-ல் ஏழு அணிகளோடு தனி லீக் தொடங்கினார்கள். சஸ்காட்செவன் லீக்கிலிருந்து எஸ்டெவன், மூஸ் ஜா, ரெஜைனா, சஸ்கடூன், வெய்பர்ன் என்று ஐந்து அணிகள். ஆல்பர்ட்டாவிலிருந்து எட்மன்டனும் கால்கரியும். எஸ்டெவனிலிருந்து எட்மன்டனுக்குச் சாலை வழியே ஏறக்குறைய 1,000 கி.மீ. பள்ளிக்கூடம் போகும் பையன்களை வைத்துக்கொண்டு இந்தத் தூரத்தில் வழக்கமான லீக் நடத்துவது அன்றைக்குப் பெரிய துணிச்சல்.

கனடிய அமெச்சூர் ஹாக்கி சங்கம் இதைச் சட்டவிரோத லீக் என்று ஒதுக்கியது. தேசிய ஜூனியர் பட்டமான மெமோரியல் கோப்பைக்கு முதல் சீசனில் இந்த அணிகள் போட்டியிட முடியவில்லை. 1967-ல் பிராண்டன், ஃப்ளின் ஃப்ளான், ஸ்விஃப்ட் கரன்ட், வினிபெக் சேர்ந்து பதினொன்றாக வளர்ந்த லீக், 1968-ல் சங்கத்திலிருந்து முழுமையாகவே வெளியேறியதும் எட்டாகச் சுருங்கியது. மூஸ் ஜா, ரெஜைனா, வெய்பர்ன் மூன்றும் சங்கத்தோடு நிற்பது என்று முடிவெடுத்தன. முதல் சீசனின் சாம்பியனே மூஸ் ஜா கனக்ஸ்தான் என்பதை நினைத்தால் பிளவு எவ்வளவு ஆழமானது என்று புரியும். 1970-ல் ஜூனியர் ஹாக்கியை இரண்டு அடுக்காகப் பிரித்தபோதுதான் சமரசம் வந்தது. 1917-ல் தொடங்கிய ரெஜைனா பாட்ஸும் அப்போது திரும்பியது. 1972 முதல் மேற்கு, ஒன்டாரியோ, கியூபெக் லீக்குகளின் சாம்பியன்கள் மூவரும் ஒரே இடத்தில் மோதும் முறைக்கு மெமோரியல் கோப்பை மாறியது. 1974-ல் ரெஜைனா அதை மேற்கே கொண்டுவந்தது.

அடுத்த அடி உள்ளே இருந்தே விழுந்தது. 1972-ல் டபிள்யூ.எச்.ஏ. என்ற புதிய தொழில்முறை லீக் ஆடத் தொடங்கியது. எட்மன்டனில் ஆல்பர்ட்டா ஆயிலர்ஸ், வினிபெக்கில் ஜெட்ஸ். ஆயிலர்ஸைத் தொடங்கியவர் அதே பில் ஹன்டர். ஒரே நகரத்தில் பெரியவர்களின் ஆட்டம் கிடைக்கும்போது பையன்களின் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்க ஆள் குறைந்தது. 1976-ல் ஆயில் கிங்ஸ் எல்லை தாண்டி ஆரெகன் மாநிலத்தின் போர்ட்லண்டுக்குப் போய் விண்டர் ஹாக்ஸ் ஆனது. அதுதான் லீக்கின் முதல் அமெரிக்க அணி. அடுத்த வருடம் கம்லூப்ஸ் சீஃப்ஸ் சியாட்டிலுக்கும், கால்கரி சென்டென்னியல்ஸ் பில்லிங்ஸுக்கும் போயின. அப்போது லீக்கின் பெயர் 'வெஸ்டர்ன் கனடா ஹாக்கி லீக்'. அந்தப் பெயரில் மூன்று அமெரிக்க அணிகள் ஆடுவது பொருந்தாது என்பதால் 1978-ல் 'கனடா' உதிர்ந்து வெஸ்டர்ன் ஹாக்கி லீக் ஆனது. 1983-ல் மெமோரியல் கோப்பையில் போட்டியை நடத்தும் ஊருக்கும் ஓர் இடம் கொடுக்கும் விதி வந்தது. அந்த முதல் வாய்ப்பு போர்ட்லண்டுக்கு. அதில் அவர்களே ஜெயித்து, கோப்பையை வென்ற முதல் அமெரிக்க அணி ஆனார்கள்.

எல்லா இடமாற்றமும் போர்ட்லண்ட் போல அமையவில்லை. ஃப்ளின் ஃப்ளானைப் பாருங்கள். மனிடோபா, சஸ்காட்செவன் எல்லைக்கோட்டிலேயே உட்கார்ந்திருக்கும் சுரங்க நகரம். பாபி கிளார்க்கும் ரெஜி லீச்சும் ஆடிய பாம்பர்ஸ் அணி 1960-களின் கடைசியில் எல்லோரையும் நடுங்க வைத்தது. ஆனால் வினிபெக்கிலிருந்து 700 கி.மீ.க்கு மேல் வடக்கே இருக்கும் ஊருக்கு எல்லா அணிகளும் பஸ் அனுப்ப வேண்டும். லீக் பசிபிக் கரை வரை நீண்டபோது அந்தக் கணக்கு கட்டுப்படியாகவில்லை. 1978-ல் அணி எட்மன்டனுக்குப் போய், ஒரே வருடத்தில் மொன்டானாவின் கிரேட் ஃபால்ஸுக்கு நகர்ந்து, 28 ஆட்டங்களோடு சீசன் நடுவிலேயே கைவிடப்பட்டது. அதே உரிமம் ஸ்போகேனில் ஃப்ளையர்ஸ் என்ற பெயரில் உயிர்பெற்று, அங்கேயும் 1981-82 சீசன் பாதியில் நின்றது. ஒரு அணி பாதியில் விழுந்தால் மற்ற அணிகளின் அட்டவணையில் சொந்த ஊர் ஆட்டங்கள் காணாமல் போகும், டிக்கெட் வசூலும் போகும், வீரர்களை அவசரமாகப் பங்கு பிரிக்க வேண்டிவரும். புது ஊருக்கு உரிமம் கொடுக்கும்போது லீக் இன்று இத்தனை யோசிப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

திரும்பி வந்த அணிகளில் முக்கியமானது ஸ்விஃப்ட் கரன்ட். 1974-ல் லெத்பிரிட்ஜுக்குப் போன பிராங்கோஸை 1986-ல் ஊர்க்காரர்கள் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார்கள். அந்த டிசம்பர் 30-ம் தேதி, ரெஜைனாவில் ஆடப் புறப்பட்ட பஸ், ஊரைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் நெடுஞ்சாலையின் கரும்பனியில் சறுக்கியது. பின் இருக்கைகளில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த நான்கு வீரர்கள் இறந்தார்கள். லீக்கின் சிறந்த வீரருக்கான விருது இன்று 'ஃபோர் பிராங்கோஸ்' பெயரில்தான் தரப்படுகிறது. 1989-ல் அதே அணி, சஸ்கடூனில் சஸ்கடூன் பிளேட்ஸையே கூடுதல் நேரத்தில் வென்று மெமோரியல் கோப்பையைத் தூக்கியது. இதை உணர்ச்சிக் கதையாகச் சொல்லிவிட்டு நிறுத்துகிறவர்கள் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த அணியின் பயிற்சியாளர் தன் வீரர்களைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாக்கியிருந்தார். அந்த வீரர்களில் ஒருவரான ஷெல்டன் கென்னடி போலீசில் புகார் கொடுத்த பிறகு 1997-ல் அந்தப் பயிற்சியாளர் சிறைக்குப் போனார். வீட்டைவிட்டு வந்த பதினாறு வயதுப் பையனின் விளையாடும் நேரம், எதிர்காலம் எல்லாம் ஒரே மனிதர் கையில் இருந்ததுதான் அதற்கு வழிவிட்ட ஓட்டை. பயிற்சியாளர்களின் பின்னணிச் சோதனையும் கட்டாயப் பயிற்சி வகுப்புகளும் கனடிய ஹாக்கியில் அதற்குப் பிறகே பரவின.

இனி, ஒரு அணியை எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்க்கலாம். ஆடும் வயது 16 முதல் 20. ஒவ்வொரு கிளப்பிடமும் 50 பெயர் கொண்ட பாதுகாப்புப் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் உள்ளவரை வேறு கிளப் தொட முடியாது. முன்பு ஊர் ஊராக ஆள் அனுப்பி, பையன் பெயரை யார் முதலில் பட்டியலில் போடுகிறார்களோ அவர்களுக்கே அவன் சொந்தம் என்ற நிலை. பணமும் ஆள்பலமும் உள்ள கிளப்புகளுக்கே அது வசதி. 1990-ல் இளம் வயதினருக்கான டிராஃப்ட் வந்த பிறகு கடைசி இடத்து அணிக்கும் நல்ல பையன் கிடைக்கத் தொடங்கினான். 15 வயதில் முழு சீசன் ஆட வேண்டுமானால் விதிவிலக்குத் தகுதி வேண்டும். இந்த லீக்கில் அதை முதலில் பெற்றவர் கானர் பெடார்ட், 2020-ல். ரெஜைனாவுக்காக 2022-23 சீசனில் 57 ஆட்டங்களில் 71 கோல், 143 புள்ளி (கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து) எடுத்தார்.

மேலாளர்களைத் தூங்கவிடாத விதி 20 வயதுக்காரர்களைப் பற்றியது. ஒரு அணியில் மூன்று பேருக்கு மேல் இருக்கக்கூடாது. முகாமில் ஐந்தாறு பேர் வந்து நிற்பார்கள், சீசன் தொடங்கிச் சில வாரங்களில் மூன்றாக வெட்ட வேண்டும். வெளிநாட்டு வீரர்களுக்கும் தனி வரம்பு உண்டு. ஒருவர் வெளிநாட்டவராகவும் 20 வயதினராகவும் இருந்தால் இரண்டு கணக்கிலும் இடம் பிடிப்பார், ஆகவே அபார ஆட்டக்காரராக இல்லாவிட்டால் அவரை வைத்துக்கொள்வது நஷ்டம். கோல்கீப்பர் என்றால் மட்டும் சிலர் துணிவார்கள்.

இந்த வயது வரம்புகள்தான் ஏற்ற இறக்கத்தை உண்டாக்குகின்றன. 16 வயதில் வருகிறவன் 19-ல் உச்சத்தில் இருப்பான். நான்கைந்து பேர் ஒரே வருடம் 19-ஐ எட்டும்போது மேலாளர் வீரர் பரிமாற்றத்துக்கான ஜனவரிக் கெடுவுக்குள் வருங்கால டிராஃப்ட் தேர்வுகளை அள்ளிக் கொடுத்து மீதி இடங்களை நிரப்புவார். 2018-ல் ஸ்விஃப்ட் கரன்ட் அப்படித்தான் பட்டம் வென்றது. அடுத்த சீசனில் 68 ஆட்டங்களில் 11-ல் மட்டுமே வென்றது. மேலாளரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. சுமார் 17,000 பேர் வாழும் ஊருக்கு அந்த ஒரு வாய்ப்பு எப்போதாவதுதான் வரும், வரும்போது எல்லாவற்றையும் போடுவது சரி என்றே நினைக்கிறேன்.

ஸ்விஃப்ட் கரன்ட், மூஸ் ஜா, பிரின்ஸ் ஆல்பர்ட், லெத்பிரிட்ஜ் நான்கும் ஊர்மக்களுக்குச் சொந்தமான கிளப்புகள். பொதுக்கூட்டத்தில் வரவு செலவைப் படிப்பார்கள், லாபமா நஷ்டமா என்று ஊருக்கே தெரியும். பிளே-ஆஃபில் (சீசன் முடிவில் பட்டத்துக்காக நடக்கும் சுற்றுகளில்) சொந்த ஊரில் கூடுதலாகக் கிடைக்கும் சில ஆட்டங்களே பல வருடங்களில் கணக்கைத் தீர்மானிக்கின்றன. பெரிய நகரங்களில் கதை வேறு. முன்பு எட்மன்டனில் ஜூனியர் அணியை விரட்டிய தொழில்முறைக் கிளப்பான ஆயிலர்ஸே 2007-ல் புதிய ஆயில் கிங்ஸைத் தொடங்கியது. கால்கரி ஹிட்மென் அணியும் அந்த ஊர் என்.எச்.எல். கிளப்பான ஃப்ளேம்ஸ் கையில்தான். அரங்கத்தை நடத்துவதும் அவர்களே, காலியாக இருக்கும் இரவுகளை ஜூனியர் ஆட்டம் நிரப்புகிறது. ஆனாலும் 2018, 2019, 2024 பட்டங்கள் முறையே ஸ்விஃப்ட் கரன்ட், பிரின்ஸ் ஆல்பர்ட், மூஸ் ஜா ஆகிய ஊர்க் கிளப்புகளுக்கே போயின.

வீரர்கள் உள்ளூர்க் குடும்பங்களின் வீட்டில் தங்கிப் பள்ளிக்குப் போகிறார்கள். கைக்குக் கிடைப்பது சிறு உதவித்தொகை. இவர்கள் ஊழியர்களா, குறைந்தபட்சக் கூலி உண்டா என்று நீதிமன்றம்வரை வழக்கு போனது. வாஷிங்டன் மாநிலம் 2015-லும் பிரிட்டிஷ் கொலம்பியா 2016-லும் விலக்கு அளித்தன. கிளப்புகள் முன்வைக்கும் பதில் கல்வி உதவி. ஆடிய ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வருடக் கல்லூரிக் கட்டணமும் புத்தகச் செலவும். படிப்பைத் தொடராதவர்களுக்கு அதனால் ஒன்றும் இல்லை என்பது நியாயமான குறை.

கல்லூரி விஷயத்தில்தான் இப்போது பெரிய மாற்றம். மேஜர் ஜூனியரில் (இந்த லீக் இருக்கும் மேல் அடுக்கு) ஆடியவரை அமெரிக்கக் கல்லூரி ஹாக்கி முன்பு சேர்க்காது. 16 வயதிலேயே குடும்பம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் அந்தத் தடை நீங்கியது, 2025 ஆகஸ்ட் முதல் நடைமுறை. இதனால் 16 வயதில் பயப்படாமல் லீக்குக்கு வருகிறார்கள், 17, 18, 19-ல் கிளம்பியும் விடுகிறார்கள். 2025 பட்டம் வென்ற மெடிசின் ஹாட் அணியிலிருந்து கேவின் மெக்கென்னா பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் போனது அதற்குப் பளிச்சென்ற உதாரணம். மேலே சொன்ன 19 வயது உச்சக் கணக்கு இனி அப்படியே செல்லாது. ஜனவரியில் டிராஃப்ட் தேர்வுகளைக் கொடுத்து வாங்கும் 18 வயதுப் பையன் செப்டம்பரில் இருப்பானா என்று மேலாளர் முதலில் குடும்பத்திடம் கேட்க வேண்டும்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் தனி ஜூனியர் லீக்கிலிருந்து பென்டிக்டன் வீஸ் 2025-26-ல் இங்கே சேர்ந்து 23-வது அணியானது. அதற்கும் கெலோனாவுக்கும் இடையே ஒரு மணி நேரப் பயணம்தான், ஆடிவிட்டு இரவே வீடு திரும்பலாம். அதே பிரிவில் இருக்கும் பிரின்ஸ் ஜார்ஜுக்கு மிக அருகில் உள்ள எதிரணியான கம்லூப்ஸே 500 கி.மீ.க்கு அப்பால். விக்டோரியாவுக்கு ஆடப் போனால் நாள் முழுக்கப் பஸ், அதன்பின் ஒன்றரை மணி நேரம் படகு.