கோலம் விழாத வாசல்

பாரிசில் 2019 ஜூலை 25 அன்று வெப்பம் 42.6 டிகிரியைத் தொட்டது. அந்நகரம் அதுவரை கண்டிராத வெயில். அதற்கு நான்காம் நாள் தீயணைப்பு வீரர்கள் எங்கள் ஆறாம் மாடிக்கு ஏறி வந்து, என் பக்கத்து அறைக் கதவை உடைத்து, தனியாகக் குடியிருந்த மூதாட்டியைச் சடலமாகக் கண்டார்கள். எங்களுக்கு நடுவே இருந்தது ஒரே சுவர். பத்து மாதங்களாகப் படிக்கட்டில் ‘போன்ழூர்’ என்று வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தும், அவர் பெயரைக் கேட்டபோது நான் கீழே இறங்கித் தபால்பெட்டியைப் பார்க்க வேண்டியிருந்தது.

அன்றிரவு புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து பேசிய அம்மா கேட்டார்: “அவங்க வாசல நாலு நாளா யாருமே எட்டிப் பாக்கலியா?”

எங்கள் தெருவில் ஒரு வாசல் ஏழு மணிக்கும் தெளிக்கப்படாமல் கிடந்தால், எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிடுவார். அப்படித்தான் ஒருமுறை, காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்த ஆயாவைக் கண்டுபிடித்து, கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு, அவர் வாசலுக்கும் சேர்த்துக் கோலம் போட்டு வந்தார் பக்கத்துவீட்டு அக்கா. பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம் பெற்ற சொல்தா தாத்தா ஒருவர் திண்ணையை விட்டு அகலாதவர். அவரும் ‘போன்ழூர்’ என்றுதான் தொடங்குவார், ஆனால் சாப்பிட்டாயா, அப்பாவுக்கு மூட்டுவலி எப்படி, அண்ணனுக்குப் பெண் அமைந்ததா என்று கேட்டு முடிப்பதற்குள் பள்ளி மணி அடித்துவிடும்.

இந்த நகரம் பட்டுத் தெரிந்துகொண்ட பாடத்தையும் பாதியிலேயே விட்டுவிட்டது என்பதுதான் என் ஆற்றாமை. 2003 ஆகஸ்டு வெப்ப அலையில் பிரான்சு முழுவதும் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தனர், பெரும்பாலோர் முதியவர்கள். பாரிசின் துத்தநாகக் கூரைகளுக்கு அடியில், முற்காலத்தில் பணிப்பெண்கள் தங்கிய மாடியறைகள், இரவிலும் ஆறாமல் அடுப்பாகக் கனன்றன. பிள்ளைகள் கோடை விடுமுறையில் வெளியூரில் இருந்தனர். கேட்பாரற்றுப் போன 57 உடல்களை அவ்வாண்டு செப்டம்பர் 3 அன்று பாரிசை அடுத்த தியே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தபோது அதிபர் ஜாக் சிராக்கே வந்து நின்றார். அடுத்த ஆண்டில் ஒரு சட்டம் வந்தது: தனித்திருக்கும் முதியோரின் பட்டியலை நகராட்சி வைத்திருந்து, வெப்ப எச்சரிக்கையின்போது தொலைபேசியில் விசாரிக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பட்டியலில் சேர அவரோ அவருக்கு வேண்டியவரோ படிவம் கொடுக்க வேண்டும். வேண்டியவர் என்று ஒருவர் இருந்தால் அந்தப் பட்டியலே எதற்கு? காய்ந்த வாசலைப் பார்த்துக் கதவைத் தட்ட எங்கள் தெருவில் எவரும் படிவம் கேட்டதில்லை.

நான் இங்கே பழகிவிட்டேன். தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் முருங்கைக்காய் கிடைக்கிறது. மெட்ரோவில் வழி கேட்பவர்களுக்கு நானே சொல்கிறேன். ஆகஸ்டு இறுதியில் பிள்ளையார் தேர் வந்தபோது உடைந்த தேங்காய்களின் நீர் சாலையெங்கும் ஓடியது; அந்த ஈரத்தைக் கண்டதும், கோலத்தை மிதித்துவிடக் கூடாதென்று என் கால்கள் தாமாகவே விலகின. அங்கே கோலம் ஏதும் இல்லை.

மறு கோடை தொடங்குமுன் அந்தப் படிவத்தை எடுத்துச் சென்று, இரண்டாம் மாடியில் தனியாக வாழும் முதியவரின் கதவைத் தட்டினேன். வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, என் ஊர் எது என்று கேட்டார். புதுச்சேரி என்றேன். சற்று நேரம் கண்களை மூடியிருந்தவர், சிறுவயதில் பள்ளியில் மனப்பாடம் செய்த, இந்தியாவில் பிரான்சு ஆண்ட ஐந்து ஊர்களின் பெயர்களை விரல் மடக்கி ஒவ்வொன்றாகச் சொன்னார்: பொந்திஷேரி, காரைக்கால், யானம், மாஹே, சந்திரநாகூர். பிறகு எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.