வேர்க் காய்கறிகளுக்கு முதல் மாதம்தான் முக்கியம்

கேரட், பார்ஸ்னிப் (கேரட்டைப் போன்ற வெளிர் நிற வேர்), செலரியாக் (அடிப்பகுதி பருக்கும் செலரி வகை) போன்ற வேர்க் காய்கறிகளை விதையிலிருந்து வளர்க்கப் பொறுமை வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான். கேரட்டுக்கு இரண்டரை முதல் நான்கு மாதங்கள் ஆகும். பார்ஸ்னிப்பும் செலரியாக்கும் ஏறக்குறைய அரை ஆண்டை எடுத்துக்கொள்ளும். ஆனால், அத்தனை மாதங்களும் நாம் ஒரே அளவு உழைக்க வேண்டியதில்லை. விதைத்த முதல் மாதத்தில் நாம் செய்வதுதான் விளைச்சலைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது என்பது பல பருவங்களாக இவற்றை வளர்த்து வரும் நான் உறுதியாக நம்புவது.

கேரட் முளைத்ததும் அதன் ஆணிவேர் முதலில் கீழ்நோக்கியே ஓடுகிறது, பருப்பது பிறகுதான். மேலே இரண்டு மூன்று இலைகள் மட்டும் தெரியும் பருவத்திலேயே, கீழே வேர் தன் நீளத்தில் பெரும்பகுதியை எட்டியிருக்கும். அந்த நேரத்தில் வேர்நுனி ஒரு கல்லையோ இறுகிய மண்ணையோ சந்தித்தால் அங்கேயே கவடாகப் பிரிந்துவிடும்; பிறகு எவ்வளவு உரமிட்டாலும் அது நேராகாது. நாற்றைப் பிடுங்கி நட்டால் நுனி அறுபட்டு அதே நிலைதான் ஏற்படும் என்பதால், கேரட்டையும் பார்ஸ்னிப்பையும் விளைய வேண்டிய பாத்தியிலேயே நேரடியாக விதைக்க வேண்டும். செலரியாக் மட்டும் விதிவிலக்கு. அதில் நாம் உண்பது தண்டின் அடிப்பகுதி திரண்டு உருவாகும் பருத்த பகுதி என்பதால், தட்டில் நாற்றுவிட்டு எடுத்து நடலாம். அதன் விதை மிகப் பொடியானது. முளைக்க வெளிச்சம் தேவை என்பதால் மண்ணைப் போட்டு மூடாமல், மேலாக அழுத்திவிட்டாலே போதும்.

ஆகவே, விதைக்கும் முன்பே பாத்தியை ஒரு அடி ஆழத்துக்குக் கொத்தி, கல்லையும் கட்டிகளையும் பொறுக்கி எடுத்துவிடுவது மற்ற எல்லா வேலைகளையும்விட முக்கியமானது. தொழுவுரம் நன்றாக மட்கியதாக இருக்க வேண்டும். தழைச்சத்து மிகுந்தால் மேலே தழைதான் செழிக்கும், கீழே வேர் திரளாது.

பலரும் மனம் தளர்வது முளைப்பில்தான். இவை மூன்றும் சேர்ந்த கேரட் குடும்பத்து விதைகளில் முளைக்கரு முழு வளர்ச்சி பெறாமல் மிகச் சிறியதாகவே இருக்கும். விதை ஈரத்தை உறிஞ்சிய பின், அந்தக் கரு உள்ளேயே வளர்ந்து நீண்ட பிறகுதான் வெளியே வரும். அதனால்தான் கேரட் முளைக்க ஒன்று முதல் மூன்று வாரங்களும், பார்ஸ்னிப் முளைக்க மூன்று நான்கு வாரங்களும் ஆகின்றன. இந்த இடைவெளியில் மேல்மண் ஒருமுறை காய்ந்தாலும் உள்ளே உயிர்த்த கரு மடிந்துவிடும்; வெறும் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கும் விதைக்கு ஒரு நாள் வெயிலே அதிகம். பூவாளியால் மென்மையாக நீர் தெளித்து, வரிசையின் மேல் ஈரச் சாக்கையோ பலகையையோ போட்டு மூடி, நாள்தோறும் தூக்கிப் பார்த்து, முதல் முளை தலைகாட்டியதும் எடுத்துவிடுவது நான் தவறாமல் செய்யும் முறை. மண் பொருக்குத் தட்டாமலும் இது காக்கும். வரிசையில் இடையிடையே சில முள்ளங்கி விதைகளைத் தூவினால், அவை சில நாட்களிலேயே முளைத்து வரிசை எங்கே இருக்கிறது என்று காட்டும். மற்றவை இடம் கேட்கும் முன்பே முள்ளங்கியைப் பறித்தும் விடலாம்.

முளைத்து வரும் கேரட் முதலில் கேரட்டைப் போலவே இருக்காது. புல்லைப் போல ஒடுங்கி நீண்ட இரண்டு விதையிலைகள்தான் தெரியும். அவற்றின் நடுவிலிருந்து பொடிப்பொடியாக வெட்டுப்பட்ட முதல் உண்மை இலை விரிந்த பிறகே அடையாளம் தெளிவாகும். அதுவரை களை பறிக்கக் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

பார்ஸ்னிப் விதை ஓராண்டுக்கு மேல் நம்பத்தக்கதன்று. கேரட் விதை சுமார் மூன்று ஆண்டுகள் தாங்கும். மிச்சமான பழைய பார்ஸ்னிப் விதையை நம்பி ஒரு மாதம் காத்திருப்பதைவிட ஒவ்வொரு பருவத்துக்கும் புது விதை வாங்குவதே மேல்.

அடுத்தது கலைத்தல், அதாவது நெருக்கமாக முளைத்த நாற்றுகளில் சிலவற்றை நீக்குவது. உயிரோடு இருக்கும் நாற்றை நீக்க மனம் வராது என்றாலும், கேரட்டுக்கு ஐந்து சென்டிமீட்டரும் பார்ஸ்னிப்புக்குப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டரும் இடைவெளி விட்டே ஆக வேண்டும். பிடுங்கினால் பக்கத்து வேர் அசையும். கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் நறுக்குவது பாதுகாப்பானது.

இதற்குப் பிறகு வேலை குறைந்துவிடும். நீர் மட்டும் சீராக இருக்க வேண்டும். நெடுநாள் காயவிட்டுத் திடீரென்று வெள்ளமாகப் பாய்ச்சினால் வேர் வெடிக்கும். கேரட்டின் தோள், அதாவது வேரின் மேல்முனை, மண்ணுக்கு வெளியே தெரிந்தால் வெயில் பட்டுப் பச்சையாகும் என்பதால் மண்ணை அணைத்துவிட வேண்டும். பார்ஸ்னிப்பை மட்டும் கடுங்குளிர் வரும்வரை மண்ணிலேயே விட்டுவைக்கலாம், ஏனெனில் குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிச் சுவை கூடும். அதன் தழையைக் கையாளும்போது கையுறையும் முழுக்கைச் சட்டையும் அவசியம். சாறு தோலில் பட்டு அதன்மேல் வெயிலும் பட்டால் கொப்புளம் எழும். தோண்டி எடுத்தவுடன் எந்த வேரானாலும் தழையைத் திருகி நீக்கிவிடுங்கள். விட்டுவைத்தால் வேரிலுள்ள ஈரத்தை அது இழுத்து, கிழங்கு விரைவில் துவண்டுவிடும்.