பக்கத்தை மூடாமல் வெளியே போகக் கற்றுக்கொடுப்பது

இணையத் தகவலை எடைபோடும் வகுப்பு என்றாலே பல கல்லூரிகளில் முதலில் ஒரு சரிபார்ப்புப் பட்டியலை நீட்டுவார்கள். தேதி இருக்கிறதா, எழுதியவர் யார், தொடர்பு முகவரி உண்டா, எழுத்துப்பிழை தெரிகிறதா, முகவரி 'டாட் ஆர்க்' என்று முடிகிறதா? 2004-இல் அமெரிக்காவின் சிக்கோ பல்கலைக்கழக நூலகத்தில் உருவான 'கிராப்' சோதனை இந்த வகையில் பிரபலமானது. (ஆங்கிலத்தில் அந்த ஒலிக்குக் குப்பை என்று பொருள். மாணவர்கள் மறக்காமல் வைத்திருப்பது அதை மட்டும்தான்.)

இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அதே பக்கத்திலேயே விடை கிடைத்துவிடும். ஏமாற்ற நினைப்பவர் முதலில் ஒழுங்குபடுத்தி வைப்பதும் இவற்றைத்தான். 'டாட் ஆர்க்' முகவரியைப் பணம் கட்டி யாரும் வாங்கலாம்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கல்வி ஆய்வாளர்கள் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017-இல் வெளியிட்ட ஆய்வை இங்கே சொல்லியாக வேண்டும். 10 வரலாற்றுப் பேராசிரியர்கள், 10 தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள். இவர்களிடம் இரண்டு குழந்தை மருத்துவர் அமைப்புகளின் தளங்களைக் காட்டினார்கள். ஒன்று 1930-இல் தொடங்கிய 'அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ்', பல்லாயிரம் உறுப்பினர்கள் கொண்டது. மற்றது 2002-இல், ஒருபால் தம்பதியர் குழந்தையைத் தத்தெடுப்பதை அகாடமி ஆதரித்ததால் பிரிந்துபோன சிறு குழுவான 'அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பீடியாட்ரிஷியன்ஸ்'. மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் காலேஜையே நம்பினார்கள். பேராசிரியர்களிலும் பலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்தை முழுதாகப் படிக்கக்கூட இல்லை. புது டேபில் அமைப்பின் பெயரைப் போட்டு, மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். இதற்குப் பக்கவாட்டு வாசிப்பு என்று பெயர்.

வகுப்பில் இதைச் செய்ய இரண்டு பேருக்கு ஒரு மடிக்கணினி போதும். மொபைல் வேண்டாம், டேப்கள் கண்ணுக்குத் தெரியாததால் பையன்கள் அதே பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒரு சுட்டிக்கு (லிங்க்) 5 நிமிடம், முதல் 30 விநாடிக்குள் பக்கத்தை விட்டு வெளியேற வேண்டும். தேடும்போது அமைப்பின் பெயருக்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறி, அதை ஒட்டியே ஆங்கிலத்தில் 'சைட்', முக்காற்புள்ளி, அந்தத் தளத்தின் முகவரி என்று தட்டினால் அவர்களே தங்களைப் பற்றி எழுதிக்கொண்டது விலகிவிடும். முடிவுகள் வந்ததும் முதலில் இருப்பதைக் கிளிக் செய்யக்கூடாது. பட்டியல் முழுவதையும் மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்து, யார் யார் பேசியிருக்கிறார்கள் என்று கவனித்த பிறகே திறக்க வேண்டும். மாணவர்களுக்கு மிகவும் கடினமான பகுதி இதுதான். கை தானாகப் போய்விடும். விக்கிப்பீடியாவைத் தடை செய்யாதீர்கள். அதன் அடிக்குறிப்புகள் வழியாக மூலத்துக்குப் போகச் சொல்லுங்கள்.

ஆசிரியர்கள் அடிக்கடி செய்யும் தவறு, பொய்த் தளங்களை மட்டும் கொடுப்பது. ஆறு சுட்டிகளும் போலி என்றால் மாணவர் எல்லாவற்றையும் சந்தேகிக்கப் பழகுவார். அதற்குத் திறமை எதுவும் தேவையில்லை. பாதி உண்மையாக இருக்கட்டும். அதிலும் ஒன்று பழைய வடிவமைப்போடு, பார்க்கவே சகிக்காத நல்ல தளமாக இருந்தால் இன்னும் நல்லது.

'ஆய்வு சொல்கிறது' என்ற பொறிக்கு, பிரிட்டிஷ் மருத்துவராக இருந்த ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை நல்ல பயிற்சி. 1998-இல் 'லேன்செட்' மருத்துவ இதழில், வெறும் 12 குழந்தைகளை வைத்து, தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டது. 2010-இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. கட்டுரையின் பழைய பிடிஎஃப் நகலை முதலில் கொடுங்கள். இதழ் பெயரைப் பார்த்ததும் பலர் நம்பிவிடுவார்கள்; நகலில் 'திரும்பப் பெறப்பட்டது' என்ற முத்திரை இருக்காது. பிறகு தலைப்பை மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் இணையத் தொகுப்பான பப்மெடில் தேடச் சொல்லுங்கள், அந்த அறிவிப்பு மேலேயே நிற்கும். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்திகளால் பல பெற்றோர் தயங்கினார்கள். அடுத்த வகுப்புக்கு அந்த மாதிரி ஒரு வாட்ஸ்அப் செய்தியைக் கொண்டுவரச் சொல்லலாம், அனுப்பியவர் பெயரை அழித்துவிட்டு.