ஹற்றன், ஜூன் மழை

ஜூன் 2
மழை. சுவர் வெடிப்பின் நுனியில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன்.

ஜூன் 3
என் அமெச்சூர் ரேடியோவின் முதுகில் கை வைக்க முடியவில்லை. நேற்றும் இதே 50 வாட், இதே எஃப்.டி.8தான், கணினி வழியே குட்டிச் செய்தி அனுப்பும் முறை. 7 மெகாஹெர்ட்ஸில் வெதுவெதுப்போடு நின்றது. இன்று 28-க்குப் போனேன், கால் மணி நேரத்தில் கொதிக்கிறது. மீட்டர் 7-இல் 12 ஆம்பியர் காட்டியது, 28-இல் 14. 13.8 வோல்ட்டால் பெருக்கினால் உள்ளே போவது 166 வாட், 193 வாட். வெளியே வருவது இரண்டிலும் 50. மிச்சமெல்லாம் சூடு. அதிர்வெண் ஏற ஏற டிரான்சிஸ்டரின் செயல்திறன் இறங்குகிறது. பேச்சென்றால் மூச்சு விடும் இடைவெளியில் கொஞ்சம் ஆறும். எஃப்.டி.8 ஒவ்வொரு முறையும் 12.64 விநாடி விடாமல் அனுப்புகிறது.

"இந்தக் குளிருல அதுக்கு என்ன சூடு?" என்று அம்மா கேட்டார். குளிர்தான். ஆனால் மலைக்காற்று மெலிந்தது, ஃபேன் சுற்றினாலும் அது அள்ளிப் போகும் சூடு குறைவு. இதைச் சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் அரிசி மூட்டையை எந்தப் பெட்டியில் கட்டுவது என்று போய்விட்டார்.

ஜூன் 4
வெடிப்பு பென்சில் கோட்டைத் தாண்டிவிட்டது.

ஜூன் 6
கரண்ட் இல்லை, பெட்டரியில் ஓட்டுகிறேன். பாதை திறந்திருக்கிறதா என்று கேட்க நுவரெலியா நண்பரை 145 மெகாஹெர்ட்ஸில் கூப்பிட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. சவுக்கு மரத்து ஆன்டெனா வரை 30 மீட்டர் ஆர்.ஜி.58 கேபிள். அனுப்பும் சக்தியில் 7-இல் கால்வாசியைத்தான் தின்னும், 145-இல் முக்கால்வாசி. செம்பின் மேல்தோலில் மட்டும் கரண்ட் ஓடுவதால்தான் இந்த வம்பு. 7-இலேயே ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு ஆழம்தான், 28-இல் எண்பதில் ஒரு பங்கு. போதாததற்கு நடுவிலுள்ள பிளாஸ்டிக்கும் கொஞ்சம் சக்தியைக் குடிக்கிறது.

சரி, 50-இல் தொலைந்த அந்த 38 வாட் எங்கே? நனைந்துகொண்டே கேபிளைக் கடைசி வரை தடவிப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. மீட்டருக்கு ஒரு வாட் சொச்சம், கைக்குத் தெரியாது. திரும்பி வந்து சுவரையும் தடவினேன்.

ஜூன் 7
அப்பா வர மாட்டேன் என்கிறார். பிறந்த லயமாம், இந்தத் தோட்டத்து வரிசை வீடு.

ஜூன் 8
இரவு ஏதோ சத்தம். மண் சரிந்ததா, தகரமா தெரியவில்லை. விடியும் வரை 7-இல் இருந்தேன். 20 வாட்டுக்குக் குறைத்துவிட்டேன், ரேடியோ சுடவே இல்லை.

ஜூன் 9
இரண்டு விரல் அகலம். அப்பா தானாகவே சட்டை மாட்டிக்கொண்டார். லொறி கீழே நிற்கிறது, கேபிளை அறுக்கக் கத்தி