அம்மாவின் 'உப்பு' நார்மல் என்று நம்பிய ஐந்து வருஷம்

அம்மாவுக்குச் சுகர் வந்து பதினாறு வருஷம். ஒவ்வொரு தடவையும் லேப் ரிப்போர்ட்டைப் பார்த்து "உப்பு நார்மல்" என்பார்கள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினினைத்தான் எங்கள் பக்கம் உப்பு என்போம். நாங்களும் நிம்மதியாக ஃபைலை மூடிவிடுவோம்.

போன வருஷம் கால் வீங்கியது. சிறுநீரக மருத்துவர் பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் கேட்டார். 2019இல் 0.8, 2021இல் 0.9, 2023இல் 1.0, 2024இல் 1.2. ஒன்றுகூட அளவைத் தாண்டவில்லை. அவர் அம்மாவின் வயதையும் சேர்த்து, சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும் ஈஜிஎஃப்ஆர் எண்ணைக் கணக்கிட்டு வரிசையாக எழுதினார்: 83, 71, 62, 49. குறையக் குறைய மோசம். அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. எல்லாமே எங்கள் பீரோவில்தான் இருந்தது.

அம்மா ரொம்ப ஒல்லி. தசை குறைந்தவர்களுக்குக் கிரியாட்டினின் குறைவாகத்தான் உண்டாகும். சிறுநீரகம் தளர்ந்தாலும் எண் பெரிதாக ஏறாது. அதனால் சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். அது தசையை அவ்வளவாகச் சார்ந்ததில்லை. அந்தக் கணக்கில் ஈஜிஎஃப்ஆர் 44 வந்தது. ஆனால் தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மாத்திரை இரண்டும் இந்த எண்ணையும் மாற்றிவிடுமாம். அம்மாவுக்கு அவை இல்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டார்.

ரத்தத்தோடு நிற்கவில்லை. சிறுநீரில் எவ்வளவு புரதம் கசிகிறது என்று காட்டும் அல்புமின்–கிரியாட்டினின் விகிதம் 340. 30க்குள் இருக்க வேண்டியது. வயது, பாலினம், ஈஜிஎஃப்ஆர், இந்த விகிதம் நான்கையும் வைத்து, ஐந்து வருஷத்துக்குள் டயாலிசிஸ் கட்டத்துக்குப் போகும் வாய்ப்பைச் சொல்லும் கணக்கு ஒன்று 2011இலிருந்து இருக்கிறது. அம்மாவுக்குச் சுமார் 1 சதவீதம் என்று வந்தது. அன்றைக்குத்தான் இரவு தூங்கினேன். ஆனாலும் மருத்துவர், "இந்தக் கணக்குக்குப் போன வருஷ எண் தெரியாதும்மா, இறங்குகிற வேகத்தையும் பார்க்கணும்" என்றார்.

முட்டிவலிக்குக் கடையில் வாங்கிப் போட்ட மாத்திரையை நிறுத்தச் சொன்னார். பிரஷர் மாத்திரை மாறியது. ரத்தத்தில் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் குறைந்து 20 என்று இருந்ததால் சோடா மாத்திரை சேர்ந்தது. மூன்று மாதம் கழித்து அதே லேபில் எடுத்தோம்: கிரியாட்டினின் 1.1, ஈஜிஎஃப்ஆர் 55, விகிதம் 210.

இப்போது அந்தத் தாளில் ஐந்தாவது வரியை அம்மாவே எழுதி, பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறார்.